மூளைச் செல்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி வகை வகையாகப் பிரிகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் மூளைச் செல்களை வளர்ப்பது என் வேலை. இதைச் சொன்னால் போதும், கல்யாண வீடாக இருந்தாலும் சரி, பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையாக இருந்தாலும் சரி, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். செந்தூலிலும் கிள்ளானிலும் பெற்றோர்களிடம் பேசப் போனபோதும் இதே சந்தேகங்கள்தான் வந்தன. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். நான் மருத்துவர் இல்லை. மருந்து, சிகிச்சை எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மூளையில மொத்தம் எத்தனை செல் இருக்கு? 100 பில்லியன்னு ஸ்கூல்ல படிச்சோமே?

நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அது யாரும் ஒழுங்காக எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல; ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதிக்கொண்டே வந்தது. பிரேசில் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசலின் குழு நான்கு ஆண்களின் மூளைகளை எடுத்து, செல்களின் உறையைக் கரைத்து, செல்லுக்குள் இருக்கும் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் கலங்கல் நீராக்கியது. அதில் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணி, மொத்தத்துக்குப் பெருக்கினார்கள். 2009-இல் வெளியான விடை, சராசரியாக 86 பில்லியன் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். நம் ஊர்க் கணக்கில் 8600 கோடி.

அதில் 69 பில்லியன் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில் இருக்கிறது. நாம் பெருமையாகப் பேசும் பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளியடுக்கில், 16 பில்லியன்தான். நியூரான் அல்லாத செல்களும் ஏறக்குறைய நியூரான் அளவுக்கே இருக்கின்றன. 'கிளியா (நியூரானுக்கு உதவும் செல்கள்) பத்து மடங்கு' என்பதும் அதே பழைய புத்தகக் கதைதான்.

எல்லாம் ஒரே மாதிரி செல்தானே? வகைன்னா எத்தனை வகை?

ஒரே மாதிரி இல்லை. இத்தாலியில் கமில்லோ கோல்ஜி 1873-இல் வெள்ளி உப்பால் சில செல்களை மட்டும் கறுப்பாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதைக் கொண்டு மூளையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்து வரைந்தார். ஒன்று பிரமிடு வடிவம், ஒன்று விசிறியாகக் கிளை விரித்தது, ஒன்று சின்ன மணி அளவு. மூளை தனித்தனிச் செல்களால் ஆனது என்றார் கஹால். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று சாதித்தார் கோல்ஜி. 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஜெயித்தது கஹாலின் கட்சி.

இப்போது வடிவத்தைப் பார்த்து மட்டும் வகை பிரிப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தனித்தனியாகப் படிக்கிறோம். 2023-இல் ஸ்டாக்ஹோமின் ஸ்டென் லின்னார்சன் குழு மனித மூளையிலிருந்து மூன்று மில்லியனுக்கும் மேற்பட்ட செல் உட்கருக்களைப் படித்து 461 தொகுதிகளாகவும், அவற்றை இன்னும் உடைத்து 3313 உட்பிரிவுகளாகவும் பிரித்தது. பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அதிகமான வகைகள் புறணியில் இல்லை. மூளைத்தண்டு போன்ற அடிப்பகுதிகளில்தான் வகைக்கூட்டம் நெரிகிறது. மூச்சு, பசி, தூக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் இடங்கள் அவை. ஆனால் 3313 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே கோடு கிழித்து 'இது வேறு வகை' என்று சொல்வது என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது.

எல்லா செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்னுதானே? அப்புறம் எப்படி வேற வேற ஆகுது?

நல்ல கேள்வி, எங்கள் துறையே இதற்காகத்தான் இருக்கிறது. டிஎன்ஏ ஒன்றுதான் (கடைசிக் கேள்வியில் இதைக் கொஞ்சம் திருத்துவேன்). எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்பதில்தான் வித்தியாசம். அதை முடிவு செய்வதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்: செல் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது.

முதலில் 'எங்கே'. கருவில் முதுகுத்தண்டின் அடிப்பக்கத்திலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் கசிகிறது. (ஆமாம், அந்த வீடியோ கேம் பெயர்தான்.) பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாத்தே சுடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே புகை வாசத்தை வைத்துச் சொல்லிவிடலாம் இல்லையா? செல்லும் அந்தப் புரதத்தின் அடர்த்தியை வைத்துத் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. அடர்த்தி அதிகமாகக் கிடைத்த இடத்தில் தசைகளை இயக்கும் நியூரான் வரும். கொஞ்சம் தள்ளி வேறு வகை, இன்னும் தள்ளி இன்னொரு வகை. மேல்பக்கத்திலிருந்து பிஎம்பி என்ற வேறு புரதங்கள் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

அடுத்தது 'எப்போது'. பழ ஈயின் நரம்புத் தாய்ச்செல் (ஸ்டெம் செல்) ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே ஒரு புரதம் போய் அடுத்தது வருகிறது: ஹன்ச்பேக், க்ரூப்பல், பிடிஎம், காஸ்டர் என்று வரிசையாக. எந்தப் புரதம் இருந்தபோது பிறந்ததோ அதற்கேற்ற நியூரான் ஆகிறது பிள்ளைச் செல். மனிதனிலும் தாய்ச்செல் வயதாக ஆக வேறு வேறு பிள்ளைகளைப் பெறுகிறது. இந்தப் 'எப்போது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல கேள்விகளுக்கு அதுவே பதில்.

வயித்துல எத்தனாவது மாசத்துல மூளை வளர ஆரம்பிக்குது?

மாதம் என்று போகவே வேண்டாம், வாரங்கள்தான். கரு உண்டான மூன்றாவது வாரத்தில் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு உருவாகி, மடிந்து, குழாயாகிறது. சுமார் 28-ஆவது நாளில் குழாய் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று அப்போதுதான் சந்தேகமே வந்திருக்கும். குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகள் வரும். ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

குழாயின் உள்சுவரில் இருக்கும் தாய்ச்செல்கள் முதலில் தங்களையே பெருக்கிக்கொள்கின்றன. பிறகு ரேடியல் கிளியா என்ற நீண்ட செல்களாக மாறி நியூரான்களைப் பெறத் தொடங்குகின்றன. பிறந்த நியூரான்கள் அங்கேயே தங்காமல் வெளிப்பக்கமாக நகர்ந்து போகும். புறணிக்கான நியூரான்களில் பெரும்பாலானவை இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பிறந்துவிடும். அதன் பிறகு அதே தாய்ச்செல்கள் நியூரானை விட்டுவிட்டு உதவிச் செல்களைப் பெறும். சிறுமூளை ஒரு விதிவிலக்கு. அங்கே பிள்ளை பிறந்த பிறகும் சில மாதங்களுக்குப் புதிய நியூரான்கள் வந்துகொண்டிருக்கும்.

செல் நகரும்னு சொல்றீங்க. கால் இல்லாம எப்படி நகரும்?

ரேடியல் கிளியாவின் உடல் உள்சுவரில் இருக்கும், அதன் மெல்லிய இழை வெளிச்சுவர்வரை நீளும். புதிய நியூரான் அந்த இழையைப் பற்றிக்கொண்டு மேலே ஊர்ந்து போகும். 1972-இல் பாஸ்கோ ராக்கிச் குரங்குக் கருவில் இதைப் படம்பிடித்துக் காட்டினார். செல்லின் முன்பகுதி நீளும், அதன் உட்கரு பின்னாலேயே இழுபட்டு வரும், மறுபடி நீளும். மூத்தது அடியில் தங்கிவிடும், இளையது அதைத் தாண்டி மேலே போய் உட்காரும். ஆக, புறணியின் மேலடுக்குகள் கடைசியாகப் பிறந்தவை.

இந்தப் பயணம் தடைபட்டால் விளைவு பெரியது. டபுள்கார்ட்டின், லிஸ்1 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால் நியூரான்கள் பாதி வழியில் நின்றுவிடும். மூளை மடிப்புகள் இல்லாமல் வழவழவென்று இருக்கும், வலிப்பு வரும். செல்கள் எண்ணிக்கையில் குறைவில்லாமல் பிறந்தாலும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டால் பயனில்லை.

அப்ப எல்லா மூளைச் செல்லும் ஒரே தாய்கிட்ட இருந்து வந்ததா?

இல்லை. புறணியில் இரண்டு பெரிய கூட்டம் இருக்கிறது. மற்ற செல்களைத் தூண்டும் நியூரான்கள் நான் மேலே சொன்ன மாதிரி நேராக மேலே ஏறியவை. அடக்கி வைக்கும் நியூரான்களோ மூளையின் அடிப்பகுதியில் வேறோர் இடத்தில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து சேர்ந்தவை.

மைக்ரோகிளியா இன்னும் சுவாரசியம். மூளையில் காவல் காத்து, குப்பை அள்ளும் இந்தச் செல்கள் நரம்புக் குழாயில் பிறப்பதே இல்லை. கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில், ரத்தச் செல்களின் உறவாகப் பிறந்து, மூளை உருவாகும் ஆரம்ப நாட்களிலேயே உள்ளே குடியேறிவிடுகின்றன. ஃப்ளோரன் ஜின்ஹூவும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் எலியில் இதை நிரூபித்தார்கள்.

பிறந்த செல்லுல நிறைய செத்துப் போகுமாமே? நெஜமா?

நிஜம்தான், பயப்பட வேண்டாம். சில இடங்களில் பிறந்த நியூரான்களில் ஏறக்குறைய பாதி மடிந்துவிடும். இத்தாலியின் ரீட்டா லெவி-மோன்டால்சினி, யூதர் என்பதால் வேலை பறிபோய், போர்க்காலத்தில் தன் படுக்கையறையிலேயே கோழிமுட்டைக் கருக்களை வைத்து ஆராய்ந்தவர். நரம்பு போய்ச் சேரும் இடத்திலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி கிடைத்தால்தான் செல் பிழைக்கும் என்ற புரிதல் அவர் வேலையிலிருந்து வந்தது. 1986-இல் நோபல் கிடைத்தது. முதலில் கூடுதலாகப் பெற்று, சரியான இணைப்புக் கிடைத்தவற்றை மட்டும் வைத்துக்கொள்வது மூளையின் வழக்கம்.

மாசமா இருக்கறப்ப என்ன சாப்பிட்டா பிள்ளைக்கு மூளைச் செல் நிறைய வரும்? குங்குமப்பூ? பாதாம்? டின் பால்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் மாமியார்கள். செல்லின் எண்ணிக்கையைக் கூட்டித் தரும் உணவு எதுவும் இல்லை. 'மூளை வளர்ச்சிக்கு' என்று பெரிதாக அச்சடித்த டின்னுக்குக் கூடுதல் ரிங்கிட் கொடுப்பது உங்கள் விருப்பம். என் காசு என்றால் கொடுக்க மாட்டேன்.

குறை வராமல் பார்த்துக்கொள்ளலாம், அது நம் கையில் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) பிங்க் புக் என்ற கர்ப்பகாலப் பதிவேடு போடும்போது மிஸ்ஸி (நர்ஸ்) கொடுக்கும் மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைக்காமல் விழுங்குங்கள். அயோடின் முக்கியம், ஏனென்றால் தைராய்டு ஹார்மோன் இல்லாமல் நியூரான்கள் சரியாக முதிராது. நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு பார்ப்பதும் அதற்குத்தான். குறை இருந்தால் உடனே மருந்து தொடங்கி மூளையைக் காப்பாற்றிவிடலாம். சில மாதம் கழித்துத் தொடங்கினால் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. மது எந்த வடிவத்திலும் வேண்டாம். பீரோ, கள்ளோ, ஒயினோ, கருவின் செல்லுக்கு எல்லாம் ஒன்றே.

அப்புறம் கொசு. ஏடிஸ் கொசு பரப்பும் ஜிக்கா வைரஸ் குறிப்பாக ரேடியல் கிளியா போன்ற தாய்ச்செல்களைத் தாக்குகிறது. 2015-இல் பிரேசிலில் சிறிய தலையோடு குழந்தைகள் பிறந்தது இதனால்தான்: பிள்ளை பெற வேண்டிய செல்களே அழிந்துபோயின. ஏதோ தூரத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 1960-களிலேயே இங்கே மலேசியாவில், பகாங் பெந்தோங்கில் பிடித்த கொசுக்களில் இந்த வைரஸைக் கண்டிருக்கிறார்கள். வீட்டுப் பூச்சட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவது குங்குமப்பூவைவிட மூளைக்கு நல்லது.

தடுப்பூசி போட்டா மூளைச் செல் பாதிச்சு ஆட்டிசம் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வராது. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்களில் பல, கருவில் புறணி உருவாகும் மாதங்களிலேயே மும்முரமாக வேலை செய்பவை. ஊசி போடும் வயதுக்கு வெகு முன்னால்.

வயசானவங்களுக்குப் புது மூளைச் செல் பிறக்குமா பிறக்காதா? ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார்.

இருவரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆய்வாளர்களே அப்படித்தான் இருக்கிறார்கள். புறணியைப் பொறுத்தவரை சண்டை இல்லை: அங்கே நீங்கள் பிறந்தபோது இருந்த நியூரான்கள்தான் கடைசிவரை. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில்தான் வழக்கு நடக்கிறது.

1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த வருடத்துக் கார்பன் பதிந்துவிடும். இதை வைத்து ஸ்டாக்ஹோமின் யோனாஸ் ஃப்ரீசன் குழு, ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் தினமும் சுமார் 700 நியூரான்கள் புதிதாகச் சேர்கின்றன என்று 2013-இல் சொன்னது. 2018-இல் சான்ஃபிரான்சிஸ்கோ குழு ஒன்று, பெரியவர்களிடம் ஒன்றைக்கூடக் காணோம் என்றது. ஒரு மாதத்துக்குள் நியூயார்க் குழு ஒன்று 79 வயதுவரை இருக்கிறது என்றது. 2025-இல் ஃப்ரீசன் குழு மறுபடி வந்து, பெரியவர்கள் சிலரின் மூளையில் பிரிந்துகொண்டிருக்கும் தாய்ச்செல்களைக் காட்டியது. சிலரிடம் அவை கண்ணில் படவில்லை. என் கணிப்பு: கொஞ்சம் பிறக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. இதை நம்பி யாரும் மூளை மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

டப்பாவுல மூளை வளர்க்கிறீங்களாமே? அதுக்கு வலிக்காதா?

அது மூளை அல்ல, மூளைத்திசுத் துண்டு; ஆர்கனாய்டு என்போம். ஷின்யா யமனாக்கா தோல் செல்லைத் திரும்பத் தாய்ச்செல் நிலைக்குக் கொண்டுபோகும் வழியை 2006-இல் எலியிலும் அடுத்த ஆண்டு மனிதனிலும் காட்டினார். அந்தச் செல்களை உருண்டையாகச் சேர்த்து வளரவிட்டு, 2013-இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யுர்கன் நோப்லிக்கும் மூளை ஆர்கனாய்டை அறிமுகப்படுத்தினார்கள்.

நேரில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இளஞ்சிவப்பு நீரில் வெள்ளையாகச் சில உருண்டைகள், அவ்வளவுதான். ரத்தக்குழாய் இல்லாததால் சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது, உள்ளே இருக்கும் செல்கள் பட்டினியில் சாகும். செல்கள் அமிலத்தை வெளிவிட விட நீர் மஞ்சளாகும். மஞ்சளாக விட்டுவிட்டால் போச்சு. தீபாவளி அன்று காலையும் யாராவது ஒருவர் போய் நீரை மாற்றியாக வேண்டும். ஆனால் ஒன்றை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வேறு கதை. நடுவில் சின்னக் குழி, அதைச் சுற்றி வட்டமாக நெருக்கியடித்து நிற்கும் தாய்ச்செல்கள், வெளிவிளிம்பில் வேறு நிறத்தில் இளம் நியூரான்கள். யாரும் அடுக்கி வைக்கவில்லை, தானாகவே அப்படி நிற்கின்றன.

வலிக்கு வருவோம். வலியை உணரும் நரம்பு முனைகளோ, அந்தச் செய்தியைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் முழு மூளையோ அதில் இல்லை. மின்துடிப்புகள் உண்டு. இன்னும் பெரிதாக, இன்னும் முதிர்ச்சியாக வளர்த்தால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதைக் கேட்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

எலியில பார்த்ததை மனுஷனுக்கு எப்படிச் சொல்லலாம்?

அடிப்படை விதிகள் பொருந்தும். அளவும் காலமும் பொருந்தாது. எலிக்குப் புறணி நியூரான்கள் சுமார் ஒரு வாரத்தில் பிறந்து முடிந்துவிடும், நமக்கு மாதங்கள் ஆகும். மனிதனில் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும் ஒரு தனி ரேடியல் கிளியாக் கூட்டம் ஏராளமாக இருக்கிறது. எலியில் அது மிகக் குறைவு. 2018-இல் கண்டறிந்த நாட்ச்2என்எல் என்ற மரபணுக்கள், தாய்ச்செல் அவசரப்பட்டு நியூரானாக மாறாமல் தாமதப்படுத்துகின்றன. அதிக நாள் தாய்ச்செல்லாக இருந்தால் அதிகப் பிள்ளைகள். எலியிடம் அந்த மரபணுக்களே கிடையாது. ஆர்கனாய்டு தேவைப்படுவது இதனால்தான்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சா பின்னாடி மூளை நோய்க்கு உதவுமா? ஸ்டெம் செல் மாத்திரைன்னு ஒரு அக்கா விக்கிறாங்களே?

தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை முக்கியமாக ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு அவை உண்மையாகவே பயன்படுகின்றன. நியூரான் ஆவது அவற்றின் வேலை இல்லை. மாத்திரை விஷயத்தில் மரியாதையாகச் சொல்கிறேன்: எந்தச் செல்லும் வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு மூளைக்குப் போகாது. அந்த அக்காவிடம் சண்டை போட வேண்டாம், வாங்காமல் இருந்தால் போதும்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். புது செல் வைக்கிறாங்களாமே?

ஆய்வு நிலையில் இருக்கிறது. இந்த நோயில் டோபமைன் சுரக்கும் ஒரு குறிப்பிட்ட வகை நியூரான் அழிகிறது. ஒரு வகை என்பதால்தான் மாற்றிவைக்கும் எண்ணமே வந்தது. கருவில் அந்த வகை எப்படி உருவாகிறதோ, அதே புரதச் சமிக்ஞைகளை அதே வரிசையில் கொடுத்துத் தட்டில் வளர்க்கிறார்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன 'எங்கே, எப்போது' இங்கேதான் மருத்துவமாகிறது. கியோட்டோ பல்கலைக்கழகம் 7 நோயாளிகளுக்கு இப்படி வளர்த்த செல்களை மூளையில் வைத்து 2025-இல் முடிவை வெளியிட்டது. பெரிய பக்கவிளைவு இல்லை, கட்டி வரவில்லை, செல்கள் டோபமைன் சுரந்தன. மதிப்பிட்ட 6 பேரில் 4 பேருக்கு மருந்து இல்லாத நேரத்திலும் அசைவில் முன்னேற்றம். நல்ல செய்திதான், ஆனால் 7 பேர். யாராவது இன்றே காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால், முதலில் அப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்க வீட்ல ஒரே மாதிரி ரெட்டைப் பிள்ளைங்க. அவங்க மூளையும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

முகம் ஏமாற்றும், மூளையின் மடிப்புகளே இருவருக்கும் வேறு வேறு. உள்ளே போனால் வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் செல்கள் வகை பிரிவதில் அதிர்ஷ்டச் சீட்டும் உண்டு. பழ ஈயில் டிஎஸ்கேம்1 என்ற ஒரே மரபணுவை வெட்டி ஒட்டி 38,016 விதமான புரதங்கள் செய்யலாம். ஒவ்வொரு நியூரானும் ஏறக்குறைய தற்செயலாகச் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. தன் கிளை எது, அடுத்தவன் கிளை எது என்று அடையாளம் காண அது உதவுகிறது. நமக்கு அந்த வேலையைப் புரோட்டோகேடரின் என்ற புரதக் குடும்பம் செய்கிறது, அங்கேயும் தேர்வு பெரும்பாலும் தற்செயல்தான்.

இப்போது அந்தத் திருத்தம். எல்லாச் செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்று என்றேன். கிட்டத்தட்ட ஒன்று என்பதே சரி. தாய்ச்செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள் சேரும். லைன்-1 என்ற டிஎன்ஏ துண்டுகள் இடம் பெயர்ந்து புதிய இடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. எந்தப் பிழை எந்தச் செல்களில் இருக்கிறது என்று பார்த்தால், யார் எந்தத் தாய்ச்செல்லின் வாரிசு என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம், இறந்தவரின் மூளையில்கூட. அதனால் உங்கள் இரட்டையரை விடுங்கள், ஒரே பிள்ளையின் மூளையில் அருகருகே இருக்கும் இரண்டு நியூரான்களின் டிஎன்ஏகூட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது.